மொட்டை மாடியில் கோழி வளர்த்த கணக்கு

நாட்டுக்கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி இடம் போதும் என்று கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் என் வீட்டு மொட்டை மாடியில் நூறு கோழிகளுக்கு மேல் வளர்க்கலாம். கோயம்புத்தூர் கணபதியில், மூன்று பக்கமும் வீடுகள் நெருங்கி நிற்கும் ஒரு தெருவில், 2022 ஏப்ரலில் அறுபது குஞ்சுகளோடு தொடங்கினேன். மறு ஆண்டு மாசி மாதத்தில் மிச்சமிருந்த கோழிகளில் பெரும்பாலானவற்றைக் குழி தோண்டிப் புதைத்தபோது, கொட்டகைக்கும் கூண்டுக்கும் 34,000, தீவனத்துக்கு 18,000, குஞ்சுகளுக்கு 3,000, மின்சாரம், கூளம், மருந்து ஆகியவற்றுக்கு 4,500 என்று மொத்தம் 59,500 ரூபாய் செலவாகியிருந்தது. வரவு 12,500 ரூபாய். இன்றும் அதே மாடியில் கோழி வளர்க்கிறேன், கையைக் கடிக்கவில்லை. ஆனால் எண்ணிக்கையை இப்போது இடத்தை வைத்து முடிவு செய்வதில்லை. நகரத்தில் அதை முடிவு செய்பவை எச்சம், சத்தம், நோய் ஆகிய மூன்றும்தான். இந்த மூன்றைப் பற்றியும் தொடங்குவதற்கு முன்பு எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

குஞ்சுகளை ஒரு பொரிப்பகத்தில் தலா 50 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு நாள் வயதுக் குஞ்சுகள். சிறுவிடை என்ற நாட்டுக்கோழி இனம், சுத்தமானது என்றும், முதல் சொட்டு மருந்து கொடுத்தாகிவிட்டது என்றும் வாய்மொழியாகச் சொன்னார்கள். எந்தச் சீட்டும் கிடையாது. முதல் வாரத்தில் குஞ்சுகளுக்கு 35 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம் என்பது எல்லோரும் சொல்லும் பாடம். ஏப்ரல் மாதத்து மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, இந்தப் பாடம் தலைகீழாகிவிட்டது. இரவில் பல்பு வேண்டியிருந்தது. பகலிலோ கூரையே குஞ்சுகளை வாட்டியது. என் குஞ்சுகளில் இறந்தவை பெரும்பாலும் நண்பகலுக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில் இறந்தவை. குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டால் குளிர், ஓரத்துக்கு ஓடி அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம்; தெர்மாமீட்டரைவிட இந்த அடையாளத்தை நம்பலாம். தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று வேய்ந்து, பக்கவாட்டில் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்ட பிறகுதான் இறப்பு நின்றது. மாடியில் தொடங்க நினைப்பவர்கள் கோடையில் குஞ்சு இறக்காமல் ஆடி கழிந்த பிறகு இறக்குவது நல்லது. கொட்டகை போடுவதாக இருந்தால் தகரத்துக்குச் செலவிடும் பணத்தைக் கீற்றுக்குச் செலவிடலாம்.

பிழைத்த ஐம்பதில் இருபத்திரண்டு சேவல்கள். ஒரு நாள் வயதில் நாட்டுக்கோழிக் குஞ்சைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. கலந்துதான் தருவார்கள், ஏறக்குறையப் பாதி சேவலாகத்தான் வரும். கிராமத்தில் அது இலாபம். நகரத்தில் நான்காவது மாதத்தில் அவை கூவத் தொடங்கும்போது அதன் விலை தெரியும். ஒரு சேவல் கூவினால் மற்றவை சும்மா இருப்பதில்லை. எங்கள் மாடியில் விடிவதற்கு வெகு நேரம் முன்பே கச்சேரி தொடங்கிவிடும். பக்கத்து வீட்டு அம்மா முதலில் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏங்கண்ணு, மூணு மணிக்கே கூவ ஆரம்பிச்சா நாங்க எப்படித் தூங்கறது? மாமாவுக்குச் சர்க்கரை வேற இருக்குது, தூக்கம் கெட்டா அன்னிக்கெல்லாம் ஆகறதில்ல." பிறகு அவர் சிரிப்பது நின்றது. சேவல்களை உடனே விற்றுவிடலாம் என்றால் அது புரட்டாசி. கொங்குப் பக்கத்தில் புரட்டாசி மாதம் முழுவதும் பல வீடுகளில் கறி எடுப்பதில்லை. நான் விசாரித்த வியாபாரிகள் உயிர் எடை கிலோவுக்கு 260 ரூபாய்க்கு மேல் தர மறுத்தார்கள். தீபாவளி வரை வைத்திருந்தால் நூறு ரூபாய் வரை கூடும். அந்த நூறு ரூபாய்க்காக நான் காத்திருந்த வாரங்களில்தான் யாரோ புகார் கொடுத்து, உள்ளாட்சி சுகாதார அலுவலர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தன்மையாகவே பேசினார், சத்தமும் வாடையும் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாக இருப்பதாக எழுத்தில் வந்துவிட்டால் நடவடிக்கை எடுக்காமல் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்களுக்கு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் இருந்த அது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 152-ஆம் பிரிவாக இருக்கிறது. 2025-இல் கேரளத்தின் அடூரில், ஒருவரது வீட்டு மேல்மாடியில் இருந்த கோழிக் கொட்டகையை, அதிகாலைச் சேவல் கூவலால் தூக்கம் கெடுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த புகாரின் பேரில் இடம் மாற்றும்படி வருவாய்க் கோட்ட அலுவலர் உத்தரவிட்ட செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். முட்டைக்காக வளர்ப்பவருக்குச் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும்; அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். இது தெரியாதவர்கள் நகரத்தில் வியப்பளிக்கும் அளவுக்குப் பலர் இருக்கிறார்கள். ஆகவே நாள் குஞ்சு வாங்குவதைவிட, கொண்டையும் வாலும் பிரித்துக் காட்டிவிடும் பத்து, பன்னிரண்டு வார வயதில் வெடைக்கோழிகளாக, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைகளாகப் பார்த்து வாங்குவது மேல். விலை ஐந்தாறு மடங்கு இருக்கும். குஞ்சுப் பருவத்துச் சாவும், பல்புச் செலவும், சேவல்களுக்குப் போடும் தீவனமும், பக்கத்து வீட்டுப் பகையும் மிச்சமாவதால் கணக்கு நேராகிவிடும்.

அடுத்தது எச்சம். வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு கிராம் எச்சமிடும். ஐம்பது கோழி என்றால் ஐந்து கிலோ. அதில் முக்கால் பங்கு தண்ணீர். கிராமத்தில் கோழி ஊரெல்லாம் சுற்றிவருவதால் இந்தக் கணக்கு யாருக்கும் தெரிவதில்லை. மாடியில் அத்தனையும் உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. நெல் உமியும் தேங்காய் நார்த்தூளும் பரப்பி ஆழ்கூள முறையில் வளர்த்ததால் வறண்ட மாதங்களில் பெரிய வாடை இல்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் சாரல் அடித்து ஒரு பக்கத்துக் கூளம் நனைந்தது. மூன்றாம் நாள் தெரு முனையிலேயே மூக்கைப் பிடித்தது. எச்சத்தை விட ஈரம்தான் வாடைக்குக் காரணம். கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள். உதிர்ந்து விழுந்தால் சரியாக இருக்கிறது. உருண்டையாக அப்படியே நின்றால் அந்தப் பகுதியை அன்றே வாரி எடுத்துவிட்டுப் புது உமி போட வேண்டும். இன்னொன்று, நாம் நிற்கும் உயரத்தில் முகர்ந்து பார்ப்பதில் பயனில்லை. முழங்காலிட்டுக் கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். கண் எரிந்தால் அம்மோனியா சேர்ந்துவிட்டது, கோழியின் கண்ணும் மூச்சுக்குழலும் நாள் முழுவதும் அதில்தான் இருக்கின்றன. ஈரக் கூளத்தில் இரத்தக் கழிச்சல் நோயும் ஈப்புழுவும் சேர்ந்தே வரும். தண்ணீர்க் குவளை சிந்தும் இடத்தைச் சுற்றித்தான் முதலில் நனையும் என்பதால், குவளையைக் கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் மேல் வைத்தாலே பாதி ஈரம் குறையும். தீவனச் சாக்கைத் தரையில் வைத்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரலாம். மூடியுள்ள தகர டிரம் ஒன்றை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

இனி நோய். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. கார்த்திகையிலிருந்து இருபத்தெட்டுப் பெட்டைகளும் ஒவ்வொன்றாக முட்டையிடத் தொடங்கி, தெருவில் நான்கு வீடுகள் வாடிக்கையாகியிருந்தன. மாசியில் குலதெய்வக் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்றைச் சந்தையிலிருந்து வாங்கிவந்த என் சித்தப்பா, கோயிலுக்குப் போகும்வரை மாடியில் கட்டிவைத்திருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அது போன சில நாள்களில் இரண்டு பெட்டைகள் இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் நின்றன. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். அடுத்த நாள் காலையில் ஒன்று செத்துக் கிடந்தது, மாலையில் மூன்று. ஒரு பெட்டை கழுத்தைத் திருகிக்கொண்டு, தட்டில் இருந்த கம்புத் தானியத்தைக் கொத்த முயன்று, ஒவ்வொரு முறையும் ஒரு சாண் தள்ளிச் சுவரையே கொத்திக்கொண்டிருந்தது. தட்டை நகர்த்தி வைத்தேன். அப்போதும் அதற்கு எட்டவில்லை. கால்நடை மருத்துவர் பார்த்தவுடனே வெள்ளைக்கழிச்சல் என்றார். ராணிக்கெட் என்றும் சொல்லப்படும் இந்த நச்சுயிரி நோய்க்கு வந்த பிறகு மருந்து கிடையாது. தடுப்பூசி போடாத மந்தையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சாவதும் உண்டு. நோய் கண்ட கோழிக்கு அந்த நேரத்தில் தடுப்பூசி போட்டாலும் பயனில்லை. சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் பார்த்தேன். கழுத்துத் திருகிய பிறகு எதுவும் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்குள் நான்கு மட்டும் மிஞ்சின.

இறந்த கோழிகளை என்ன செய்வது என்பதைத் தொடங்கும்போது எவரும் யோசிப்பதில்லை. குப்பை வண்டியில் போடக் கூடாது. நாய் இழுத்துப் போனால் தெரு முழுவதும் நோய் பரவும், வாங்கிக்கொள்ளவும் மாட்டார்கள். ஊரில் இருக்கும் உறவினர் தோட்டத்தில் புதைக்கலாம் என்றால், அங்கே இருக்கும் கோழிகளுக்கும் நோயைக் கொண்டுபோவதாகிவிடும். சுற்றுச்சுவரை ஒட்டி எங்கள் வீட்டில் மூன்றடி அகலத்துக்கு மண் தரை இருந்ததால் பிழைத்தேன். மருத்துவர் சொன்னபடி ஆழமாகத் தோண்டி, சுண்ணாம்புத்தூள் போட்டு, கோழிகளை இட்டு, மறுபடியும் சுண்ணாம்பு போட்டு மூடினோம். முழுக்கச் சிமெண்டுத் தரை போட்ட வீடுகளிலும் அடுக்ககங்களிலும் இதற்கு வழியே இல்லை. கோழி வாங்குவதற்கு முன்பு மாடியை அளப்பதோடு, கீழே குழி தோண்ட இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் நாலைந்து கோழிகளுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. திடீரென்று பல கோழிகள் ஒன்றாகச் செத்தாலோ, சுற்றுவட்டாரத்தில் காக்கைகளும் சேர்ந்து செத்தாலோ, தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதலில் உறுதியான பறவைக் காய்ச்சல், அதன்பின் பல மாநிலங்களில் தலைகாட்டியிருக்கிறது; வெளித்தோற்றத்தில் அதையும் வெள்ளைக்கழிச்சலையும் நம்மால் பிரித்தறிய முடியாது. மாதிரி எடுத்துப் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகம் வரை அனுப்பித்தான் உறுதிசெய்வார்கள்.

வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசி பற்றி எனக்குப் பிறகு தெரியவந்தவை இவை. ஏழாம் நாள் வாக்கில் லசோட்டா அல்லது எஃப் வகை மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். நான்காவது வார இறுதியில் லசோட்டாவை மறுபடியும் கொடுப்பார்கள். எட்டாவது வாரத்தில் ஊசி. முதல் சொட்டு மட்டும் விட்ட குஞ்சு வாழ்நாள் முழுவதும் பாதுகாப்பாக இருக்கும் என்று நினைப்பது தவறு. பொரிப்பகத்தில் ‘மருந்து கொடுத்தாச்சு’ என்று சொல்வது, உண்மையாகவே இருந்தாலும், அந்த முதல் சொட்டைத்தான். வளர்ந்த கோழிகளுக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் போட வேண்டும் என்பதை உங்கள் பகுதி மருத்துவரிடம் கேட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள். நகரத்தில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மருந்து உறைகுளிர் நிலையில் உலர்த்திய தூளாக வரும். இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கடைகளில் நூறு கோழிக்குக் குறைந்த குப்பி எனக்குக் கிடைக்கவில்லை. பத்துக் கோழி வைத்திருப்பவர் தொண்ணூறு கோழிக்கான மருந்தைக் கொட்டத்தான் வேண்டும் என்பதால் பலர் போடாமலே விட்டுவிடுகிறார்கள். அரசு கால்நடை மருந்தகங்களில் இதை இலவசமாகப் போடுகிறார்கள்; எங்கள் பகுதியில் அதற்குச் சனிக்கிழமை. ஆண்டுதோறும் பிப்ரவரியை ஒட்டிக் கால்நடை பராமரிப்புத் துறை இரண்டு வாரத் தடுப்பூசி முகாமும் நடத்துகிறது. மருந்தகத்துக்குப் போய் எந்தக் கிழமை என்று கேட்டுவிட்டு, கோழிகளை அட்டைப் பெட்டியில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோகலாம். இப்போது எங்கள் பகுதியில் கோழி வைத்திருக்கும் ஐந்தாறு வீடுகள் ஒரே நாளில் சேர்ந்து போகிறோம். வெளியிலிருந்து வரும் கோழி, கோயில் சேவலாக இருந்தாலும், மூன்று வாரம் தனியாக, வேறு தளத்தில் இருக்க வேண்டும். முடியாதென்றால் நம் வீட்டுக்கே வர வேண்டாம். நோய் வந்த கொட்டகையில் உடனே புதுக் கோழி விடக் கூடாது. கூளத்தை முழுவதும் அப்புறப்படுத்தி, பிளீச்சிங் கரைசலில் கழுவி, சுண்ணாம்பு அடித்து, சில மாதங்கள் வெறுமையாக விட்டுவைத்தேன்.

அந்த மாதங்களில்தான் உட்கார்ந்து முட்டைக் கணக்குப் போட்டேன். நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது முதல் எண்பது முட்டை வரை இடும். அடைக்கு உட்கார்ந்துவிட்டால் அதுவும் குறையும். கோழி ஒன்றுக்கு நாள்தோறும் நூறு கிராம் தீவனம், கிலோ 38 ரூபாய் என்றால், ஆண்டுக்குச் சுமார் 1,390 ரூபாய் ஆகிறது. எழுபது முட்டைக்குப் பங்கிட்டால் ஒரு முட்டைக்குத் தீவனச் செலவு மட்டுமே 20 ரூபாய்! நான் அதை 12 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தேன். நோயே வராமல் இருந்திருந்தாலும் நட்டம்தான். காசு கொடுத்து வாங்கும் தீவனத்தை மட்டும் போட்டுக் கூண்டுக்குள் நாட்டுக்கோழி வளர்த்து முட்டை விற்று இலாபம் பார்க்க முடியாது. கிராமத்தில் அது மேய்ந்து தின்பதால்தான் கட்டுப்படியாகிறது. ஹைதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய கிராமப்பிரியா போன்ற இனங்கள் புறக்கடை வளர்ப்பிலேயே ஆண்டுக்கு நூற்று எண்பது வரை இடுவதால், அதே தீவனத்துக்கு முட்டை ஒன்று 8 ரூபாய் அளவில் அடங்கிவிடுகிறது. அதுவும் பழுப்பு முட்டைதான் இடும். ஓட்டின் நிறத்தைப் பார்த்து நாட்டுக்கோழி முட்டை என்று வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இப்போது என்னிடம் பன்னிரண்டு பெட்டைகள் இருக்கின்றன: எட்டு கிராமப்பிரியா, நான்கு சிறுவிடை. நாளுக்கு நான்கைந்து முட்டை. காய்கறிக் கடையில் ஒதுக்கும் முட்டைக்கோசு இலை, முள்ளங்கிக் கீரை, வீட்டுச் சோறு, தொட்டியில் வளர்க்கும் அசோலா என்ற மிதக்கும் நீர்த்தாவரம் ஆகியவை சேர்வதால் வாங்கும் தீவனம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. வீட்டுக்குப் போக மிஞ்சும் முட்டையை, எது எந்தக் கோழியுடையது என்று சொல்லியே, கிராமப்பிரியா 10 ரூபாய்க்கும் சிறுவிடை 15 ரூபாய்க்கும் கொடுக்கிறேன். சொல்லி விற்பதால் ஒருவரும் விலகிப் போகவில்லை. தீவனச் செலவு அதில் வந்துவிடுகிறது. வீட்டு முட்டை இலவசம். மாதம் பத்தாயிரம் வரும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். உண்மையில் கை கொடுத்தது எதிர்பாராத ஒன்று, எரு. எச்சத்தை அப்படியே செடிக்குப் போட்டால் வேர் வெந்துவிடும். கூளத்தோடும் காய்ந்த இலையோடும் சேர்த்து டிரம்மில் மூன்று மாதம் மக்கவிட்டால் மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்கிறார்கள். ஐம்பது கோழியின் எச்சம் எனக்குத் தலைவலியாக இருந்தது. பன்னிரண்டின் எச்சம் போதவில்லை.

மானியத்தை நம்பி நகரத்தில் கணக்குப் போடாதீர்கள். 250 நாட்டுக்கோழி வளர்க்க அரசு தரும் 50 சதவீத மானியத்துக்கு 625 சதுர அடி நிலமும், குடியிருப்புகளை விட்டுத் தள்ளிய இடமும் வேண்டும். குஞ்சு கொடுத்து வளர்ந்த கோழியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று முன்பணம் கேட்டு வருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பெருந்துறையை மையமாக வைத்து நடந்து 2012-இல் வெளிச்சத்துக்கு வந்த ஈமு கோழி மோசடியில் பணம் போட்டவர்கள் கொங்கு வட்டாரத்தில் இன்றும் இருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்பு சரவணம்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் நடக்கும் கோழி வளர்ப்புப் பயிற்சிக்கு ஒருமுறை போய்வரலாம். மற்ற மாவட்டங்களிலும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மையங்கள் உள்ளன. கையேட்டைவிட, அங்கே வரும் மற்ற வளர்ப்பாளர்களின் பேச்சில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

முட்டைக் கோழிகள் இரண்டாம் ஆண்டு முடியும்போது இடுவது தெளிவாகக் குறையும். பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டால் விற்க முடியாது. எங்கள் வீட்டில் இரண்டு அப்படித் தின்றுகொண்டு சும்மா இருக்கின்றன. மற்றவற்றைக் கழிக்க ஏற்ற நேரம் ஆடிப்பெருக்கை ஒட்டிய வாரங்கள். ஆவணி முடிவதற்குள் கொடுக்காவிட்டால் புரட்டாசி முழுவதும் தீவனம் போட்டுக்கொண்டு தீபாவளி வரை காத்திருக்க வேண்டியதுதான்.